பச்சை பெல்ட்டில் வந்த பிரவுன் பெல்ட்: கோலாலம்பூர் கராத்தே போட்டி ஒன்றின் ஆட்சேபமும் விசாரணையும்

கோலாலம்பூர், செந்தூல் வட்டாரத்தில் ஒரு பொது மண்டபத்தில் நடந்த திறந்த கராத்தே போட்டி. 12, 13 வயது ஆண்கள், 45 கிலோவுக்குக் கீழ், குமித்தே (இருவர் நேருக்கு நேர் மோதும் ஆட்டம்), புதியவர் பிரிவு. எட்டுப் பேர் டிராவில். தங்கம் வாங்கிய பையன் தன் மூன்று ஆட்டங்களையும் 8-0 என்று முடித்தான். ஒன்றரை நிமிட ஆட்டங்கள். ஒன்றுகூட ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை. பட்டியலில் அவன் பச்சை பெல்ட். நான்கு மாதத்துக்கு முன்பே அவன் பச்சைக்கு மேலான பிரவுன் பெல்ட் வாங்கிவிட்டான் என்று, பரிசளிப்பு முடிவதற்குள் ஓர் அப்பா கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்து நின்றார்.

அந்த ஆட்சேபத்தை விசாரித்த மூவர் குழுவில் நானும் இருந்தேன். குழுவுக்காக எழுதிய குறிப்பை விரித்து இங்கே தருகிறேன். மாஸ்டர், பிள்ளைகள், கழகங்கள், போட்டி, எதன் பெயரும் வராது. பெயர் தேவையும் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஞாயிற்றுக்கிழமைகளை மண்டபங்களில் கழித்த பெற்றோர் யாரைக் கேட்டாலும் இதே மாதிரி ஒன்றைச் சொல்வார்கள்.

புதியவர் பிரிவு எதற்கு

பெரிய போட்டிகளில் இந்தப் பிரிவே கிடையாது. உலக கராத்தே சம்மேளனத்தின் விதியில் ஆண், பெண், வயது, எடை, இவற்றை வைத்துத்தான் பிரிப்பார்கள். 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கிலும் அப்படித்தான். குமித்தேயில் தகுதி பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மேட்டில் (ஆட்ட விரிப்பில்) ஏறவே முடியாது. ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்கு நீலம், அவ்வளவுதான்.

கழகங்கள் நடத்தும் திறந்த போட்டிகளில் கதை வேறு. ஆறு மாதம் பழகிய பிள்ளையை ஆறு வருடம் பழகிய பிள்ளையோடு மோதவிட்டால் அடுத்த வாரம் அது வகுப்புக்கே வராது. அதனால் வெள்ளையிலிருந்து பச்சை வரை ஒரு பக்கம், அதற்கு மேல் போனவர்கள் இன்னொரு பக்கம் என்று பிரித்துவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வயதைச் சோதிக்க அடையாள அட்டை இருக்கிறது. மைகிட்டோ மைகாட்டோ, எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. எடையைச் சோதிக்கத் தராசு இருக்கிறது; காலையில் வரிசையாக ஏறி இறங்க வேண்டும், அரைக் கிலோ கூடினாலும் வேறு பிரிவு. பெல்ட்டுக்கு மட்டும் மாஸ்டர் சொல்வதுதான் ஆதாரம். அப்படிச் சொல்வதால் லாபம் அடையப் போகிறவரும் அதே மாஸ்டர்தான். இந்த வழக்கு முழுவதும் இந்த ஒரு ஓட்டைக்குள்தான் சுற்றியது.

மேட்டில் தெரிந்தது

இறுதி ஆட்டத்தின் காணொளியை விசாரணையின்போது நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். முதல் புள்ளி சாதாரணக் குத்துதான். எதிராளி காலை எடுத்து வைப்பதற்கு முன்னாலேயே இவன் முன்கை முகத்துக்கு நேரே போய் நின்றுவிட்டது. யூக்கோ, ஒரு புள்ளி. அடுத்து வயிற்றுக்கு ஓர் உதை. வாஸா-ஆரி, இரண்டு. அப்புறம் வந்ததுதான் விவகாரம். நேராக உதைக்கப் போகிறவன் மாதிரி முழங்காலைத் தூக்கினான். எதிராளியின் கை தடுக்கக் கீழே இறங்கியது. உடனே காலை வெளிப்பக்கம் வீசிக் குதிகாலைக் காதுப் பக்கமாக உள்ளே இழுத்தான். ஊரா-மவாஷி. தலைக்குப் போன உதை என்றால் இப்போன், மூன்று. இன்னொரு வயிற்று உதையோடு எட்டு ஆகிவிட்டது. எட்டுப் புள்ளி வித்தியாசம் வந்தால் நேரம் மீதி இருந்தாலும் ஆட்டம் முடிந்தது.

புள்ளி போகட்டும். நாங்கள் காணொளியை நிறுத்திய இடம் வேறு. சிறுவர் பிரிவில் தலையைத் தொடக்கூடாது, தொட்டால் எச்சரிக்கை. அவன் குதிகால் எதிராளியின் தலைக்கவசத்துக்கு இரண்டு விரல்கடை இந்தப் பக்கம் நின்று, அதே வேகத்தில் மடங்கித் திரும்பியது. வேகமாக உதைக்கப் புதியவனாலும் முடியும். நகர்ந்துகொண்டிருக்கிற தலைக்கு முன்னால் காலை நிறுத்துவது வருடக்கணக்கான பழக்கம். சில மாதப் பழக்கத்தில் அது வந்து நான் பார்த்ததில்லை.

நடுவருக்குத் தெரியாதா என்றால், தெரிந்தது. முதல் ஆட்டம் முடிந்ததுமே அவர் மேசைப் பக்கம் திரும்பி, "இவன் இங்க இருக்க வேண்டிய ஆள் இல்லையே" என்று சொல்லியிருக்கிறார். மேசையில் இருந்தவர் பட்டியலைக் காட்டினார். பச்சை என்று அச்சடித்திருந்தது. நடுவரின் அதிகாரம் மேட்டுக்குள் நடப்பதற்குத்தான். யார் எந்தப் பிரிவில் வந்தார் என்பது பதிவு மேசையின் வேலை. பதிவு மேசைக்கோ ஆட்டத்தைப் பார்க்க நேரமில்லை. இரண்டு பக்கமும் தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் பையன் இறுதி ஆட்டம் வரை போனான்.

காத்தாவில், அதாவது எதிராளி இல்லாமல் தனியே செய்துகாட்டும் அசைவு வரிசையில், இது இன்னும் சுலபம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குமித்தேயில் உதை காட்டிக் கொடுத்துவிடும். காத்தாவில், இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஒக்கினாவா பள்ளிப் பிள்ளைகளுக்கென்று இத்தோசு அன்கோ அமைத்த எளிய காத்தாக்கள் இருக்கின்றன. ஷோத்தோகானில் ஹெயான், மற்ற பல பாணிகளில் பினான். அவற்றைவிடக் கடினமான பஸ்ஸாய் டாய் செய்யக்கூடிய பிள்ளை ஹெயான் நிடானைச் செய்துவிட்டுப் போனால், 'நல்லா செய்யுது' என்று மட்டும்தான் தோன்றும்.

ஆட்சேபம் தாளுக்கு வந்த விதம்

கைப்பேசியோடு வந்தவர் முதல் சுற்றில் தோற்ற பையனின் அப்பா, கிள்ளானிலிருந்து வந்தவர். கோபம் இருந்தது, ஆனால் கத்தவில்லை. "அண்ணே, என் பையன் தோத்தது பிரச்சனை இல்ல. எட்டு மாசம்தான் பழகுறான், தோப்பான். ஆனா இது யாருன்னு பாருங்க." முகநூல் படம். அதே பையன், பிரவுன் பெல்ட், கையில் சான்றிதழ், பக்கத்தில் மாஸ்டர். படத்தை ஏற்றியதே அந்தக் கழகத்தின் பக்கம்தான்.

பெற்றோர் நேரடியாக ஆட்சேபம் தர முடியாது. அணியின் அதிகாரபூர்வப் பிரதிநிதி எழுத்தில் தர வேண்டும், கூடவே கட்டணம் கட்ட வேண்டும் என்பது சர்வதேச விதியிலேயே உள்ள முறை. இந்தப் போட்டியும் அதைத்தான் பின்பற்றியது. கட்டணம் 200 ரிங்கிட், ஆட்சேபம் நிலைத்தால் திரும்பக் கிடைக்கும். ஆக, அந்த அப்பாவின் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் தயங்கினார். இரண்டு மாஸ்டர்களும் சின்ன வயதில் ஒரே ஆசிரியரிடம் பழகியவர்கள். "அடுத்த மாசம் அவர் போட்டிக்கு நான் பசங்களைக் கூட்டிட்டுப் போகணும்ணே, எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போறது?" என்று என்னிடமே கேட்டார். பணத்தை நானே கட்டுகிறேன் என்றார் அப்பா. பணம் பிரச்சனையாக இருந்தால்தானே. கடைசியில் அதே கழகத்தின் வேறு இரண்டு பெற்றோரும் வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் பேனாவை எடுத்தார்.

இம்மாதிரி விஷயங்கள் ஏன் தேநீர்க் கடை வரைக்கும் வருகின்றன, தாளுக்கு வருவதில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

மேசையில் விரித்தது

பதிவுப் படிவத்தை எடுத்துப் பார்த்தோம். கழகத்துக்கு உதவியாக இருக்கும் ஒரு கல்லூரி மாணவர் எல்லாப் பெயரையும் எக்ஸெலில் அடித்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பியிருந்தார். 'பெல்ட் நிறம்' என்று ஒரு பத்தி. கியூ, அதாவது கறுப்பு பெல்ட்டுக்குக் கீழுள்ள படி எண், என்ன என்று படிவம் கேட்கவில்லை, சான்றிதழ் நகலும் கேட்கவில்லை. அவரை அழைத்துக் கேட்டதில், "மாஸ்டர் சொன்னதை அடிச்சேன்" என்றார். அதற்கு மேல் அவரிடம் எதுவும் இல்லை.

முகநூல் படத்தைப் பெரிதாக்கினால் சான்றிதழில் மூன்றாம் கியூ என்பதும் தேதியும் படிக்கக் கிடைத்தன. அதுவே போதும்தான். ஆனால் தட்டச்சுப் பிழை, பழைய பட்டியலை மாற்றாமல் அனுப்பிவிட்டார்கள் என்ற பதிலுக்கும் இடம் இருந்தது. அப்படி நடப்பதும் உண்டு.

அந்த இடத்தை அடைத்தது அழைப்பு மேசையில் இருந்த அக்கா. பிள்ளைகள் மேட்டுக்குப் போகுமுன் அங்கேதான் சொந்த பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சிவப்போ நீலமோ கட்டிக்கொள்வார்கள். கழற்றியதைச் சுருட்டி நாற்காலியில் வைக்கிறவர் அவர்தான். "அந்தப் பச்சை பெல்ட்டு புத்தம் புதுசு, மடிப்புகூட கலையல. பச்சைக்கு வந்து இன்னும் ஒரு மாசம் ஆகலபோலன்னு நெனச்சேன். அப்புறம் அவன் ஆட்டத்தைப் பார்த்துட்டு எனக்கே ஒண்ணும் புரியல" என்றார்.

நாற்காலியிலிருந்த பெல்ட்டை எடுத்து வரச் சொன்னோம். தினமும் கட்டுகிற பெல்ட் முடிச்சு விழும் இடத்தில் வெளுத்துப்போகும், ஓரத்து நூல் பிரியும், முனைகள் தளர்ந்து தொங்கும். இதில் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த வரிகள் ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாக அப்படியே இருந்தன. முடிச்சுப் போட்டுப் பார்த்தால் இரண்டு முனையும் முறுக்கிவிட்ட மீசைபோல் பக்கவாட்டில் விறைத்து நின்றன. அளவுச் சீட்டில் எண் அழியவில்லை.

பையனின் அம்மா விவரம் தெரியாமலேயே மீதியைச் சொன்னார். "பழைய பச்சை அவனுக்கு இப்பப் பத்தல. அதான் மாஸ்டரே புதுசு வாங்கிக் கொடுத்தாரு." பிரவுன் பெல்ட் வீட்டில் இருக்கும் பையனுக்குப் போட்டிக்கென்று அளவு பார்த்துப் பச்சை வாங்கியிருக்கிறார்கள். தட்டச்சுப் பிழை என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

பையனையும் கேட்டோம். அம்மா பக்கத்தில் இருக்க, குழுவில் இருந்த பெண் பயிற்றுநர்தான் பேசினார்.

"தம்பி, போன வாரம் வகுப்புல எந்த பெல்ட் கட்டின?"

"பிரவுன், ஆன்ட்டி."

"இன்னைக்கு ஏன் பச்சை?"

"மாஸ்டர் கட்டச் சொன்னாரு."

ஒளிவு மறைவு எதுவும் இல்லை. தான் ஏதோ தப்பில் இருக்கிறோம் என்பதே அவனுக்கு அந்தக் கேள்வியில்தான் உறைத்திருக்க வேண்டும்; அம்மா முகத்தைப் பார்த்தான். கேட்ட முதல் கேள்விக்கே உண்மையைச் சொன்னவன் அந்தப் பையன் ஒருவன்தான் என்று குறிப்பில் எழுதச் சொன்னேன், எழுதினார்கள்.

மாஸ்டரின் மூன்று பதில்கள்

முதல் பதில்: சங்கத்துக்குச் சங்கம் நிறம் மாறும், எங்கள் பிரவுன் உங்கள் பச்சைக்குச் சமம். இதை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. ஒரு சங்கத்தில் பத்துக் கியூ, இன்னொன்றில் எட்டு. சிலரிடம் பச்சைக்குப் பிறகு நீலம், சிலரிடம் நீலத்துக்குப் பிறகு பச்சை. ஊதா சிலரிடம் உண்டு, சிலரிடம் இல்லவே இல்லை.

காரணம் பழையது. 1882-இல் கொடோக்கான் ஜூடோ பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோ, கோ என்னும் பலகை விளையாட்டில் இருந்த 'டான்' படிநிலையை எடுத்து 1883-இல் தன் இரண்டு மாணவர்களுக்கு முதல் டான் கொடுத்தார். ஒரே பள்ளி, ஒரே ஆசிரியர், யார் எந்த நிலை என்பது எல்லோருக்கும் தெரியும். கராத்தேயில் ஃபுனாகோஷி கிச்சின் 1924-இல்தான் டான் கொடுக்கத் தொடங்கினார். இன்று பிள்ளைகள் கட்டும் வண்ணங்களோ 1930-களில் ஐரோப்பாவில் பரவியவை. பாரிஸில் ஜூடோ கற்பித்த கவாய்ஷி மிகினோசுகேவுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. சீக்கிரம் ஒரு படி ஏறிய திருப்தி மாணவனுக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஒரு வகுப்புக்குள் மாணவனை ஊக்கப்படுத்த வந்த ஒன்றை, ஐம்பது கழகங்கள் சேரும் மண்டபத்தில் அளவுகோலாகப் பிடிக்கிறோம். அரசாங்கமும் இதில் உதவாது. 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி சங்கங்கள் விளையாட்டு ஆணையரிடம் பதிந்துகொள்ள வேண்டும். பதிவு சங்கத்துக்குத்தான், பிள்ளை இடுப்பில் இருக்கும் நிறத்துக்கு அல்ல.

ஆனாலும் அவர் பதில் நிற்கவில்லை. நடுவில் எத்தனை குழப்பம் இருந்தாலும் பிரவுன் என்றால் கறுப்புக்கு முந்திய கட்டம் என்பதில் பெரும்பாலும் எல்லோரும் ஒன்றுதான். அதோடு, இரண்டும் சமம் என்றால் பிரவுனையே கட்டிக்கொண்டு வந்து விளக்கியிருக்கலாமே. புதுப் பச்சை எதற்கு?

இரண்டாவது பதில்: அது தற்காலிகச் சான்றிதழ், முத்திரை வைத்தது இன்னும் வரவில்லை. வகுப்பில் நான்கு மாதமாக பிரவுன்தானே கட்டுகிறான் என்று கேட்டதும் அதை அவரே விட்டுவிட்டார்.

மூன்றாவதுதான் என் தலையில் தங்கியது. "எல்லாரும் செய்றதுதான்லா. நான் மட்டும் நேர்மையா எழுதி அனுப்பினா என் பிள்ளைங்கதான் அடி வாங்கும்." சாக்குதான். ஆனால் நிலவரத்தைச் சரியாகச் சொன்ன சாக்கு. ஒரு கழகம் பிரவுனைப் பச்சைக்கு இறக்கினால், அடுத்த போட்டியில் உண்மையான பச்சையெல்லாம் தோற்கும். அந்த மாஸ்டர்கள் தங்கள் பச்சையை மஞ்சளுக்கு இறக்குவார்கள், அல்லது அடுத்த பெல்ட்டுக்கான தேர்வான கிரேடிங்கைத் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போடுவதை எந்த விதியாலும் பிடிக்க முடியாது. போட்டி வரை ஒரு பிள்ளையை வேண்டுமென்றே பச்சையில் நிறுத்திவைக்கிற மாஸ்டர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. மேட்டில் நடப்பது என்னவோ அதேதான்.

எதற்காக

ரொக்கப் பரிசு இல்லை. பதக்கத்தை விற்றால் ரொட்டி சானாய்க்குக்கூடத் தேறாது. லாபம் வேறு இடத்தில். அதிகத் தங்கம் வாங்கும் கழகத்துக்கு ஒட்டுமொத்த வெற்றிக் கிண்ணம், கிண்ணத்தோடு படம், படத்தைப் பார்த்துப் புதுப் பிள்ளைகள். மாதக் கட்டணத்தில் ஓடுகிற வகுப்புக்கு அதுதான் மூச்சு. பக்கத்துத் தாமானில் இன்னொரு வகுப்பு இருக்கும்போது, 'ரெண்டு வருஷமா பழகுறான், இன்னும் ஒரு மெடல் இல்லையே மாஸ்டர்' என்று கேட்கும் பெற்றோரை இழக்க யாருக்கும் மனம் வராது.

அப்புறம் சான்றிதழ். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான மெரிட் கணக்கில் 90 விழுக்காடு பாடம், 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. மாவட்டம், மாநிலம், நாடு, சர்வதேசம் என்று ஏற ஏறப் புள்ளி கூடும். ஒரு புள்ளியில் பிள்ளை கேட்ட துறை கிடைக்காமல் போனதைப் பார்த்த சமூகம் இது. பன்னிரண்டு வயதிலேயே கோப்பு சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். பக்கத்து நாட்டிலிருந்து ஓர் அணி வந்துவிட்டால் மண்டப வாசல் பதாகையில் 'சர்வதேச' என்று சேர்ந்துவிடுவதும் இதனால்தான். பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்பது உண்மையாக இருக்கலாம், எல்லா அம்மா அப்பாவுக்கும் தெரியாது என்று நம்ப முடியாது.

அதே மாலை வந்த இன்னொரு புகார்

இது ஒரு பெண் பிள்ளையைப் பற்றியது. மஞ்சள் பெல்ட், புதியவர் பிரிவு, குமித்தேயில் தங்கம். கராத்தேக்கு வந்து ஐந்து மாதம் என்பது சத்தியம். ஆனால் அதற்கு முன் தேக்குவாண்டோவில் இரண்டாம் பூம். 15 வயது ஆகாதவர்களுக்குக் கறுப்பு பெல்ட் இடத்தில் கொடுப்பது பூம். 1972-இல் சியோலில் தொடங்கிய குக்கிவோன்தான் அதைப் பதிவு செய்கிறது. சான்றிதழுக்கு எண் உண்டு, எங்கிருந்தும் சரிபார்க்கலாம். கராத்தேயில் அப்படி எல்லாப் பாணிக்கும் பொதுவான பதிவேடு இல்லை.

அந்தப் பிள்ளையின் மாஸ்டர் எதையும் மறைக்கவில்லை. கேட்டதும் சொன்னார், எண்ணையும் காட்டினார். படிவம் கராத்தே பெல்ட்டைக் கேட்டது, அவர் கராத்தே பெல்ட்டை எழுதினார். பொய் இல்லை. ஆனால் அவளிடம் தோற்ற பிள்ளைகளின் பக்கமிருந்து பார்த்தால் பச்சை பெல்ட் பையனுக்கும் இவளுக்கும் வித்தியாசம் இருக்கிறதா? இருவரும் தலைக்கு உதைத்தார்கள், இருவரும் ஒரு நிமிடத்தில் முடித்தார்கள்.

பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ஜூடோவில் கறுப்பு பெல்ட் வாங்கியவர் சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு சம்மேளனத்தின் போட்டிகளில் வெள்ளை பெல்ட் பிரிவில் இறங்க முடியாது. புது ஆள்தான், ஆனால் புதியவர் இல்லை என்கிறது அந்த விதி. நம் படிவத்தில் அப்படி ஒரு வரி இல்லாததால் அந்தப் பெண்ணின் தங்கத்தை நாங்கள் தொடவில்லை. குழுவில் ஒருவருக்கு இதில் உடன்பாடில்லை. விதியில் இல்லாத குற்றத்துக்கு 11 வயதுப் பிள்ளையின் பதக்கத்தைப் பிடுங்க முடியாது என்பது என் கட்சி.

எதிர்ப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பி.பி.ஆர். என்னும் அரசாங்க மலிவு விலை அடுக்குமாடி ஒன்றிலிருந்து வரும் ஒரு பையனை எனக்குத் தெரியும். மூன்று வருடமாகப் பழகுகிறான், இன்னும் மஞ்சள். கிரேடிங் கட்டணம் வரும்போதெல்லாம் வீட்டில் வேறு செலவு வந்து நிற்கும். அவன் பச்சைகளை அடித்துத் தள்ளுவான். அவனைப் பார்த்து யாராவது 'பெல்ட்டை மறைத்துவிட்டான்' என்று புகார் கொடுத்தால், சான்றிதழ் அவன் பக்கம் இருக்கும், ஆட்டம் புகார் கொடுத்தவர் பக்கம் இருக்கும். பெல்ட்டில் பாதி திறமை என்றால் பாதி ரசீது.

தீர்ப்பு

விதிப் புத்தகத்தில் ஷிக்காக்கு என்று ஒன்று இருக்கிறது, போட்டியிலிருந்தே வெளியேற்றுவது. அது ஆடுகிறவனின் நடத்தைக்கான தண்டனை. இங்கே ஏமாற்றியவன் ஆடியவன் இல்லை. அதனால் பையனுக்கு அதைக் கொடுக்கவில்லை. அவன் முடிவுகளைப் புதியவர் பிரிவிலிருந்து நீக்கினோம், தங்கத்தைத் திரும்பப் பெற்றோம். கழகத்தின் அன்றைய புள்ளிகள் முழுவதும் கிண்ணக் கணக்கிலிருந்து போயின. காத்தாவில் இன்னும் இரண்டு பெயர் இதே மாதிரி சிக்கின, அவையும் போயின. அந்த மாஸ்டர் ஒரு வருடம் இதே ஏற்பாட்டாளர்களின் போட்டிகளில் பயிற்றுநர் நாற்காலியில் உட்கார முடியாது. 200 ரிங்கிட் திரும்பியது.

சரி, பதக்கம்? இங்கேதான் கணக்கு உதைத்தது. டிராவில் அவன் இருந்த பாதி முழுவதும் கெட்டுப்போய்விட்டது. முதல் சுற்றில் அவனிடம் தோற்றவனும் அரையிறுதியில் தோற்றவனும் மோதி, ஜெயித்தவன் இறுதியில் ஆடியிருக்க வேண்டும். பெரிய போட்டிகளில் இறுதிக்கு வந்தவரிடம் தோற்றவர்களுக்கு வெண்கலத்துக்கான மறுவாய்ப்புச் சுற்று உண்டு. இங்கே நேரமில்லை என்று அதை எடுத்துவிட்டிருந்தார்கள். அரையிறுதிப் பையன் வெண்கலத்தோடு சிரம்பானுக்குக் கிளம்பிவிட்டான். மண்டபத்தை ஏழு மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெள்ளி வாங்கியவனுக்குத் தங்கம், வெள்ளி காலி, வெண்கலங்கள் அப்படியே என்று முடித்தோம். நியாயமான முடிவு என்று சொல்ல மாட்டேன். கைவசம் இருந்தது அதுதான்.

கிள்ளான் பையனுக்கு மூன்றாவது வெண்கலம் ஒன்று கொடுத்துவிடலாம் என்று ஏற்பாட்டாளர் ஒருவர் சொன்னார், பெட்டியில் மிச்சம் இருந்தது. அப்பா கையை ஆட்டி மறுத்துவிட்டார். "மெடல் வேணாம்ணே. இவன் யார்கிட்ட தோத்தான்னு அந்த முடிவுத் தாள்ல எழுதிக் கொடுங்க, போதும்." முதல் சுற்று முடிவுக்குப் பக்கத்தில் 'எதிராளி தகுதி நீக்கம், மூன்றாம் கியூ' என்று எழுதி மூவரும் கையெழுத்திட்டுக் கொடுத்தோம்.

படிவத்தில் மாறியது

அடுத்த போட்டிக்கு நிறம் கேட்கும் பத்தியை எடுத்துவிட்டார்கள். கியூ எண், கடைசி கிரேடிங் சான்றிதழின் படம், கராத்தே தவிர வேறு ஏதாவது தற்காப்புக் கலை பழகியிருந்தால் எத்தனை வருடம் என்று கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் இவற்றில் எதுவும் பெரிய காரியம் செய்யாது. சான்றிதழை எழுதுகிறவரும் மாஸ்டர்தான். வேலை செய்யப்போவது நான்காவதாகச் சேர்த்த வரி: 12 மாதத்துக்குள் புதியவர் பிரிவில் இரண்டு தங்கம் வாங்கியவர், பெல்ட் எதுவானாலும், மேல் பிரிவுக்குப் போக வேண்டும். பிள்ளையைக் கீழே பிடித்து வைத்தால் கிடைப்பது இரண்டே இரண்டு தங்கம்தான், அதற்கு மேல் இல்லை. பெல்ட்டை யாரும் சோதிக்கத் தேவையில்லை, முடிவுத் தாளைப் பார்த்தால் போதும். அந்த மஞ்சள் பெல்ட் பையனுக்கும் இது பொருந்தும். அவன் கிரேடிங் பணம் கட்டாமலேயே மேலே போய்விடுவான்.

சிக்கல் என்னவென்றால், இந்த ஏற்பாட்டாளரின் முடிவுத் தாள் மட்டும்தான் இவர்களிடம் இருக்கிறது. செந்தூலில் இரண்டு தங்கம் வாங்கியவன் ஷா ஆலாமிலும் பட்டர்வொர்த்திலும் புதியவனாகவே இறங்கலாம். போட்டி நடத்தும் நான்கைந்து பேர் முடிவுகளைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று பேச்சு எடுத்தோம். இரண்டு பேர் சரி என்றார்கள். ஒருவர் நேராகவே சொன்னார்: விதியைக் கடுமையாக்கினால் பதிவு குறையும், பதிவு குறைந்தால் மண்டப வாடகை யார் கொடுப்பது? அவர் பயம் வீண் இல்லை. புதுப் படிவம் போனதும் போன முறை வந்த இரண்டு கழகங்கள் இந்த முறை பெயர் கொடுக்கவில்லை. கிள்ளான் மாஸ்டர் கொடுத்திருக்கிறார், போன தடவையைவிட ஆறு பிள்ளைகள் கூடுதலாக.